இலையில் இருப்பதும் உடம்பில் சேர்வதும்

மணியாச்சியிலிருந்து கோவில்பட்டி வரையில் பரந்து கிடக்கும் கரிசற்காட்டில், தை மாசியில் அறுவடை முடிந்து, பங்குனி வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்த பிறகு, பசுமையென்று சொல்லத்தக்கது கருவேலும் உடையும் போன்ற மரங்களிலேதான் எஞ்சி நிற்கிறது. இப்பிரதேசத்துக்கே உரிய கன்னி ஆடு, பால்கன்னியாயினும் செங்கன்னியாயினும், ஆட்டுக்காரர் தொரட்டியால் வளைத்து ஒடித்துப் போடும் குழையையும் தானே உதிரும் நெற்றையும் தின்றுதான் அக்கோடையைக் கடக்கிறது.

காய்ந்த சோளத்தட்டையில் புரதம் நூற்றுக்கு 4 பங்கைத் தாண்டுவது அரிது. ஆட்டின் பெருவயிற்றில் வாழ்ந்து நாரைச் சிதைக்கும் சூட்சுமக் கிருமிகள் தளராமல் வேலை செய்வதற்கோ ஏறக்குறைய 7 பங்கு வேண்டும். அவரைக் குடும்பத்து மரங்களின் இலைகளில் புரதம் அதனினும் மிகுதி. ஆயினும் அவ்வளவையும் ஆடு ஜீரணித்துவிடும் என்று எண்ணலாகாது. ஆய்வுக்கூடத்தில் இலையிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதமென்று குறிக்கிறார்களேயன்றி, அந்த நைட்ரஜன் எதனோடு பிணைந்து கிடக்கிறது என்பதை அக்கணக்கு காட்டுவதில்லை. அதை மட்டும் நம்பித் தீவனத்தை மதிப்பிடுவது பெரும் பிழையென்றே நான் கருதுகிறேன்.

பிணைப்பது டானின் என்னும் துவர்ப்பு வஸ்து. பெருவயிற்றில் புளிப்புக் குறைவாதலால், அங்கே அது புரதத்தைப் பற்றிக்கொண்டு கிருமிகளுக்கு எட்டாதபடி காக்கிறது; நான்காம் வயிற்றின் கடும் அமிலத்தை அடைந்ததும் பிடி தளர, விடுபட்ட புரதம் சிறுகுடலில் ஜீரணமாகிறது. துவர்ப்புக் குறைந்த அகத்தியிலோ, கிருமிகள் புரதத்தை விரைந்து சிதைத்து அம்மோனியா ஆக்கிவிட, அவற்றுக்குத் தேவைப்படாத மிச்சம் ஈரலில் யூரியாவாகிப் பெரும்பாலும் சிறுநீரோடு கழிகிறது. ஆகவே அளவான துவர்ப்பு ஆட்டுக்கு அனுகூலமே. மிதமிஞ்சினால், அமிலத்திலும் பிணைப்பு முற்றும் அவிழாமல் புரதம் புழுக்கையோடு வெளியேறும். கிருமிகள் பட்டினி கிடக்கும். ஆடும் தீனியைக் குறைத்துக்கொள்ளும். கருவேலங்குழையை மட்டுமே போடாமல் அகத்தியையோ உளுந்தம்பொட்டையோ கலந்து போடவேண்டுவதன் காரணம் இதுவே.

சீமைக்கருவேல நெற்றில் தடை வேறு வகையானது. இனிப்பான சதையை ஆடு விரும்பித் தின்கிறது. ஆனால் புரதம் செறிந்திருக்கும் விதையோ, கடினமான தோலின் காவலில், மெல்லப்படாது தப்பியவரையில் ஜீரணமாகாமலே வெளிவந்து, போய் விழுந்த இடத்தில் முளைத்துக் காட்டைப் பெருக்குகிறது. நெற்றை நன்கு உலர்த்தி, விதை உடையுமாறு இடித்துக் கொடுத்தால், அந்தப் புரதம் ஆட்டின் உடம்பில் சேரும். முளைப்பதற்கு விதையும் மிஞ்சாது.