நாட்பட்ட இடுப்புவலியும் அச்சம் நீக்கும் இயன்முறைச் சிகிச்சையும்

நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்பு ஆகிய வேலைகள் பெரும்பாலும் குனிந்தே செய்யத்தக்கவையாதலால், இடுப்புவலி காணாத விவசாயக் குடும்பம் அரிதென்றே சொல்லலாம். பருவத்தில் பத்து நாள் தவறினால் விளைச்சல் குன்றும். குடும்பத்தில் உழைப்பவர் ஆறு மாதம் படுத்துவிட்டாலோ ஒரு போகமே கைதவறிப்போகும். ஆகையால், இந்நோயைப் பற்றி மேனாட்டு வைத்தியர்கள் சென்ற நாற்பது ஆண்டுகளில் கண்டறிந்தவற்றைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும். இதை எழுதுபவன் வைத்தியன் அல்லன். பரிசோதனைகளின் முடிவுகளை எளிய நடையில் எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

வலி நீடிப்பதன் காரணம்

இடுப்புவலி கண்டவருள் பலர் சில வாரங்களிலேயே பெரிதும் தேறுகின்றனர். சிலருக்கு மட்டும் அது மூன்று மாதங்களைக் கடந்தும் நிற்கின்றது. அத்தகையோர் படம் எடுத்துப் பார்த்து, ‘டிஸ்க் தேய்ந்திருக்கிறது’ என்று கேட்டவுடன் மனம் உடைந்துபோகின்றனர். ஆனால் இத்தேய்மானம் வலியில்லாதவரிடத்தும் காணப்படுவதொன்று. 2015-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றில், வலியே இல்லாத 3,110 பேரின் முதுகுப் படங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் தேய்மானம் இருந்ததாக அது கூறுகின்றது. நரை திரையைப் போல வயதோடு வரும் மாறுதலே பெரும்பாலும் இஃது என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் வலி நீடிப்பது ஏன்? நெதர்லாந்தில் பணியாற்றிய யோஹான் விளாயென், சுவீடனில் பணியாற்றிய ஸ்டீவன் லிண்டன் என்னும் இரு உளவியலார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு விடை தருகின்றது. வலி கண்டவர், ‘குனிந்தால் எலும்பு விலகிவிடும்’ என்று அஞ்சுகின்றார். அஞ்சுவதால் குனிவதை விடுகின்றார். விடுவதால் உடல் வலுக் குன்றுகின்றது, வேலை கெடுகின்றது, கவலை மிகுகின்றது. பின்பு சிறிது அசைந்தாலும் வலி தோன்ற, அது முன்னிருந்த அச்சத்தை உறுதிப்படுத்துகின்றது. செக்குமாடு போல நோயாளி இவ்வட்டத்திலேயே சுழல்கின்றார்.

இதனால் வலி பொய்யென்றோ, மனப்பிரமையென்றோ கொள்ளலாகாது. வலி மெய்யே. திருடனைக் கண்டு குரைக்கவேண்டிய காவல் நாய் சருகு அசைந்தாலும் குரைக்கத் தொடங்குவது போல, காயம் ஆறிய பின்னரும் நரம்புகள் எச்சரிக்கையை மிகுதியாக எழுப்பிக்கொண்டிருக்கக்கூடும். வலி மிகுவதெல்லாம் முதுகு கெடுவதற்கு அறிகுறியன்று என்பதே இங்கு உணரத்தக்கது.

ஓய்வைப் பற்றிய பரிசோதனை

ஒரே நிலத்தை மூன்று பாத்திகளாகப் பிரித்து, வேறுவேறு உரமிட்டு ஒப்புநோக்குவதை வாசகர்கள் அறிவர். அதனையொத்த பரிசோதனை ஒன்று பின்லாந்து தேசத்தில் நடத்தப்பெற்று 1995-இல் வெளியாயிற்று. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களுள் புதிதாக இடுப்புவலி கண்ட 186 பேர் மூன்று பகுதியினராகப் பிரிக்கப்பட்டனர். முதற் பகுதியினர் இரண்டு நாள் படுக்கையில் இருந்தனர். இரண்டாம் பகுதியினர் முதுகுப் பயிற்சிகளைச் செய்தனர். மூன்றாம் பகுதியினர் வலி பொறுக்கும் அளவில் தங்கள் அன்றாட வேலைகளைப் பார்த்து வந்தனர். இவர்களுள் விரைவில் தேறியவர் மூன்றாம் பகுதியினரே. மிகவும் தாமதித்துத் தேறியவர் படுத்திருந்தவர்களே. இடுப்புவலிக்குப் படுக்கையே மருந்து என்னும் கொள்கை இதனால் நிலைகுலைந்தது.

சிகிச்சை முறை

உடல், மனம், வாழ்க்கைச் சூழ்நிலை ஆகிய மூன்றையும் சேர்த்தே இடுப்புவலிக்குச் சிகிச்சை செய்யவேண்டும் என்று கிளாஸ்கோ நகரின் எலும்பு அறுவை வைத்தியர் கார்டன் வாடெல் 1987-இலேயே எழுதினார். இக்கருத்தை ஒட்டி வளர்ந்ததே மனநிலையையும் கருதிச் செய்யும் இயன்முறைச் சிகிச்சை. அதன் படிகள் பின்வருமாறு:

1. வைத்தியர் முதலில் உடலைச் சோதித்து, அபாயமான நோய் எதுவும் இல்லையென்று தெளிகின்றார்.

2. பின்பு நோயாளியின் எண்ணங்களை விசாரிக்கின்றார். ‘வலிக்குக் காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள்? எந்த வேலையைக் கண்டு அஞ்சுகிறீர்கள்? உறக்கம் எப்படி? எந்த வேலைக்குத் திரும்ப விரும்புகிறீர்கள்?’ என்பன போன்ற வினாக்களுக்கு விடையைப் பொறுமையுடன் கேட்கின்றார்.

3. முதுகு எளிதில் முறியக்கூடிய உறுப்பன்று என்பதையும், வலி நீடிக்கும் விதத்தையும் நோயாளிக்கு விளங்க உரைக்கின்றார்.

4. எந்த அசைவை நோயாளி அஞ்சுகின்றாரோ அதனையே, மூச்சை அடக்காமலும் உடலை விறைக்காமலும், வைத்தியர் முன்னிலையில் சிறிது சிறிதாகச் செய்விக்கின்றார். ‘செய்தும் தீங்கு நேரவில்லை’ என்று நோயாளி தாமே கண்டறிவதே இச்சிகிச்சையின் உயிர்நிலையாகும்.

5. வேலையின் அளவை முன்னதாகவே வகுத்துக்கொள்கின்றனர். உதாரணமாக, பத்து நிமிஷம் களையெடுத்தால் வலி மிகுமாயின், எட்டு நிமிஷத்தில் தொடங்கிச் சில நாட்களுக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம் கூட்டுவது முறை. வலி குறைந்த நாளில் அளவு மீறி உழைப்பதும், மிகுந்த நாளில் அடியோடு படுத்துவிடுவதும் கூடாது. நெடுநாள் கொட்டிலில் நின்ற எருதை முதல் நாளே முழு ஏருக்குப் பூட்டுவோரில்லை; கட்டியே வைத்திருப்போருமில்லை. மனிதர்க்கும் அஃதே நியாயம்.

கண்ட பலன்கள்

இங்கிலாந்தில் கீல் சர்வகலாசாலையார் 851 பேரிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. மண்ணைச் சோதித்து உரத்தின் அளவைக் குறிப்பது போல, ஒன்பது வினாக்களைக் கொண்டு நோயாளிகளை மூவகைப்படுத்தி, வலி நீடிக்கும் அபாயம் மிக்கவர்க்கு மேற்கூறிய சிகிச்சையும், ஏனையோர்க்கு எளிய சிகிச்சையும் அளித்தனர். வழக்கமான முறையைவிட நோயாளிகள் நன்கு தேறியதுடன் செலவும் குறைந்தது.

ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான பரிசோதனையில், பன்னிரண்டு வாரங்களில் ஏழு முறைவரை சிகிச்சையும், பின்னர் ஒருமுறை நினைவூட்டலும் அளிக்கப்பட்டன. வலியும் முடக்கமும் வெகுவாகக் குறைந்து, அப்பலன் ஓராண்டு வரை நிலைத்தது. உடலின் அசைவைக் காட்டும் கருவியை ஒரு பகுதியினர்க்குக் கூடுதலாகப் பொருத்தியும் அதனால் அதிகப் பலன் ஏற்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

எங்கும் வெற்றியே கிட்டியதென்று கூறுவதற்கில்லை. அமெரிக்காவில் 2021-இல் வெளியான பெரியதொரு பரிசோதனையில், புதிதாகத் தோன்றிய வலி நாட்பட்டதாக மாறுவதைத் தடுப்பதில் இம்முறை வழக்கமான சிகிச்சையை மிஞ்சவில்லை. ஆகையால் இதனைச் சகல ரோக நிவாரணி என எண்ணலாகாது.

எச்சரிக்கை

சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் வெளிவராது தடைப்படுதல், மர்மஸ்தானத்தைச் சுற்றி மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை காணின் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். விடாத காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் கண்டிருத்தல், மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்த பின் தோன்றிய வலி ஆகியவற்றிலும் தாமதியாமல் டாக்டரைக் காணவேண்டும். முதுகெலும்பில் தங்கும் காசநோயும் இடுப்புவலியாகத் தோன்றுவதுண்டு.

நிலச்சொந்தக்காரரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

வலியால் வேலைக்கு வராத ஆளைப் பாசாங்குக்காரர் என்று பழித்தல் தகாது. பழிச்சொல் கவலையைப் பெருக்கும். அவரை ‘முழுதும் குணமான பிறகு வந்தால் போதும்’ என்று அனுப்பிவிடுவதும் நன்மையன்று. வரப்பு மேற்பார்வை, நீர் பாய்ச்சல், விதை பொறுக்குதல் போன்ற இலேசான வேலையைக் கொடுத்து, படிப்படியாகக் கூட்டி வருதலே சிறந்தது. நடவாட்களைப் பொழுது முழுதும் ஒரே நிலையில் குனிந்திருக்கச் செய்யாமல், இடையிடையே நிமிர்ந்து நடக்க இடங்கொடுத்தல் வேண்டும். வீட்டாரும், ‘குனியாதே, தூக்காதே’ என்று ஓயாமல் தடுப்பதை விட்டு, வகுத்த அளவைச் செய்துமுடிக்க ஊக்குவித்தல் நலம்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது. நடமாட இயலாதவர் கிராமத்தில் இருப்பின், அவரைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிப்பது கிராம அதிகாரிகளுக்கு எளிதான உதவியாகும். இம்முறையில் தனிப் பயிற்சி பெற்றோர் எல்லா ஊரிலும் இரார். ஆயினும் இயன்முறை வைத்தியரைக் காணும் ஒவ்வொருவரும், ‘எந்த அசைவை நான் அஞ்சாமல் செய்யலாம்? நாளொன்றுக்கு எவ்வளவு கூட்டலாம்?’ என்னும் இரண்டு கேள்விகளைத் தவறாது கேட்டுவருவாராக. இவ்விரண்டுக்கும் விடை பெற்று அதன்படி நடப்பவர், அடுத்த நடவுக்கு வயலில் இறங்கும் வழியில் முதலடி வைத்தவராவார்.