பழைய ஆறு சிலிண்டர் காருக்கு டர்போ மாட்டலாமா?



நம் ஊர் மெயின் ரோட்டில் போகிற லாரிகளில் ‘டர்போ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் அதை லாரியின் பெயர் என்று நினைக்கிறார்கள். பெயர் இல்லை, அது இன்ஜினில் மாட்டியிருக்கும் ஒரு சாமான். கையில் தூக்கிவிடலாம், அவ்வளவு சின்னதுதான். பார்த்தால் இரண்டு நத்தை ஓட்டை முதுகோடு முதுகு ஒட்டி வைத்த மாதிரி இருக்கும். இன்னிக்கு வர லாரிகளில் கம்பெனியிலேயே மாட்டித்தான் வருது. ஆனால் டர்போ இல்லாமல் செய்த பழைய கார் இன்ஜினில் பிறகு அதை மாட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் இன்ஜின் என்ன சாப்பிடுகிறது என்று தெரியணும். பெட்ரோல் என்றுதான் எல்லோரும் சொல்வோம். உண்மையில் அது அதிகம் சாப்பிடுவது காற்று! 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு 11 கிலோ காற்று ஆகும். 11 கிலோ காற்று என்றால் சுமார் 9,000 லிட்டர். நம் பள்ளித் தண்ணீர் டேங்கைவிடப் பெரிசு. பெட்ரோலை எவ்வளவு வேணும்னாலும் ஊற்றலாம், கூடவே அத்தனை காற்றை உள்ளே கொண்டுபோவதுதான் கஷ்டம். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று தானாக உள்ளே வரும். சிலிண்டரில் எவ்வளவு இடம் இருக்கோ அவ்வளவுதான் வரும், அதுக்கு மேல் வராது.

கொல்லுப் பட்டறையில் துருத்தி எதுக்கு? கரியை அதிகம் போட்டால் மட்டும் இரும்பு பழுக்காது, காற்றையும் ஊதணும். டர்போவும் ஒரு துருத்திதான். ஆனால் துருத்தியை இழுக்க ஆள் வேண்டும், டர்போவுக்கு வேண்டாம். பெட்ரோலில் இருக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு போல, சைலன்சர் வழியாகப் புகையோடு வீணாகப் போய்விடுகிறது. அந்தப் புகை வெளியே போகும் வழியில் ஒரு சக்கரம் வைத்தால் புகை அதைச் சுற்றும். அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே மறுமுனையில் இன்னொரு சக்கரம். இது சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள்ளே தள்ளும். இவ்வளவுதான் டர்போ. சொல்ல எளிது. ஆனால் அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், ஒரு பக்கம் எண்ணூறு டிகிரிக்கு மேல் சூடு, மறுபக்கம் சாதாரணக் காற்று. ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினியர் 1905-லேயே இதுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். (பெயர் பூச்சிதான், சிரிக்காதீர்கள்.)

காருக்கு இது வர 1962 ஆனது. அந்த வருஷம் அமெரிக்காவில் செவ்ரலே கம்பெனி கார்வேர் என்ற தன் காரின் ஸ்பைடர் மாடலுக்கு டர்போ மாட்டியது. அது ஆறு சிலிண்டர் கார், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். பின்பக்கம் இன்ஜின், தண்ணீர் கிடையாது, காற்றால்தான் குளிரும். 2.4 லிட்டர் இன்ஜின் 150 குதிரைத்திறன் தந்தது. டர்போ இல்லாத கார்வேரில் அதிகபட்சமே 102 தான். எனக்கு அந்த எண்களைவிடப் பிடித்தது, அவர்கள் இன்ஜினுக்குள் என்னென்ன மாற்றினார்கள் என்பதுதான். கிராங்க் ஷாப்டை உறுதியான எஃகில் செய்தார்கள். வெந்து போகாத வால்வு போட்டார்கள். 9-க்கு 1 ஆக இருந்த கம்ப்ரஷனை 8-க்கு 1 ஆகக் குறைத்தார்கள். டிரைவர் பார்க்கும்படி இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரும் வைத்தார்கள். டர்போவை மட்டும் வாங்கி மாட்டினால் போதாது என்று இதிலேயே தெரியுதில்ல?

கம்ப்ரஷனை ஏன் குறைக்கணும்? சைக்கிள் பம்பால் காற்று அடித்துவிட்டு அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். டர்போவிலும் இதே கதைதான். சூடான காற்றும் பெட்ரோலும் சேர்ந்து சிலிண்டருக்குள் மறுபடி அமுக்கப்படும்போது, பிளக் பொறி வைத்த நெருப்பு முழுசா பரவும் முன்னாடியே மீதிக் கலவை தானாக வெடித்துவிடும். பட்டறையில் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். வெளியே டிக் டிக் என்று சத்தம்தான் கேட்கும், உள்ளே பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். பிஸ்டன் உடையும், கேஸ்கட் போகும்.

நான் ஒரு கணக்குப் போட்டேன், அறிவியல் டீச்சர் சரிபார்த்துக் கொடுத்தார்கள். வெளியே காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு (டயர் கடையில் சொல்லும் அதே பவுண்டுதான்). டர்போ அதுக்கு மேல் 7 பவுண்டு ஏற்றினால், பாதிக்குப் பாதி கூடுதல் காற்று வந்ததாகத் தோன்றும். ஆனால் 30 டிகிரியில் இருந்த காற்று சுமார் 80 டிகிரிக்குப் போய்விடும். சூடான காற்று விரியும். அதனால் எடைக்கணக்கில் பார்த்தால் கால்பங்குதான் கூடியிருக்கும்! அந்தக் காற்றை ரேடியேட்டர் போன்ற ஒரு பெட்டி வழியாக அனுப்பி 50 டிகிரிக்குக் குளிர வைத்தால் 38 சதவீதம் கூடும். அந்தப் பெட்டிக்கு இன்டர்கூலர் என்று பெயர். இது வெறும் தாள் கணக்கு இல்லை என்பதற்கு அடுத்த கதையைப் படியுங்கள்.

அதே அமெரிக்காவில் பியூக் என்று ஒரு கார் கம்பெனி. அவர்களிடம் 1960-களின் தொடக்கத்தில் செய்த ஒரு வி6 இன்ஜின் இருந்தது. வி6 என்றால் மூன்றும் மூன்றுமாக வி வடிவில் நிற்கும் ஆறு சிலிண்டர். இதை யாரும் பெரிசா மதிக்கலை. 1967-ல் அந்த இன்ஜினையும் அதைச் செய்யும் மெஷின்களையும் ஜீப் செய்யும் கம்பெனிக்கு விற்றே விட்டார்கள். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. எட்டு சிலிண்டர் கார் வாங்க ஆள் இல்லை. 1974-ல் விற்றதையே திரும்ப வாங்கினார்கள்! ஆனால் அந்த இன்ஜினுக்குச் சக்தி போதலை. அப்போது ஃபிளிண்ட் என்ற ஊரில் பியூக் இன்ஜினியர்கள் வழிகாட்டிய ஒரு சாரணர் குழு, இந்த வி6-க்கு டர்போ மாட்டுவதைத் தங்கள் புராஜெக்டாக எடுத்துக்கொண்டது. அதில் இருந்தவர்கள் நம் வயசும் நம் அண்ணன்கள் வயசும்தான். 1976-ல் இண்டியானாபோலிஸ் கார் பந்தயத்தில் எல்லாக் கார்களுக்கும் முன்னால் வழிகாட்டிப் போனது டர்போ மாட்டிய பியூக் வி6 கார். 1978-ல் கடைக்கே வந்துவிட்டது. சாதாரண 3.8 லிட்டர் வி6 105 குதிரைத்திறன், டர்போ வைத்தது 150-ம் 165-ம். நாக்கிங்கைக் காது வைத்துக் கேட்கிற மாதிரி இன்ஜினில் ஒரு சென்சார் வைத்தார்கள். அது தட்டும் சத்தத்தை உணர்ந்தால் உடனே பிளக் பொறியைத் தாமதப்படுத்தும். 1985-ல் 200 ஆக இருந்த சக்தி 1986-ல் 235 ஆனது. அதுக்கு முக்கியமான காரணம் இன்டர்கூலர்தான். 1987-ல் ஜிஎன்எக்ஸ் என்று 547 கார்கள் மட்டும் செய்தார்கள், அதில் 276. விற்றுத் தள்ளிய இன்ஜினுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

சரி, பழைய காருக்கு மாட்ட நினைப்பவர் முதலில் என்ன செய்யணும்? கடைக்குப் போகக் கூடாது. இன்ஜின் நல்லா இருக்கா என்று பார்க்கணும். ஒவ்வொரு சிலிண்டரிலும் பிளக்கைக் கழற்றி, கேஜ் வைத்து அமுக்கம் பார்ப்பார்கள். ஆறில் ஒன்று குறைந்தால்கூட ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கு என்று அர்த்தம். நோஞ்சானுக்கு மூட்டை தூக்க வைப்பது போலத்தான், தாங்காது. அடுத்து கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகணும். பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறி பிஸ்டன் உருகும். அளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் ஒரு வால்வும் வேண்டும். கிளட்ச், கியர்பாக்ஸ் தாங்குமா என்பதும் உண்டு. டர்போ பெரிசா இருந்தால் அது சுற்றத் தொடங்கவே நேரம் ஆகும், ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒண்ணும் நடக்காது, பிறகு திடீரென்று பாயும். சின்னதாக இருந்தால் சீக்கிரம் சுற்றும், ஆனால் வேகமாகப் போகும்போது மூச்சு முட்டும்.

எல்லாத்தையும்விட முக்கியம் ஆயில். லட்சம் சுற்று சுற்றும் அந்த அச்சு இரும்பின் மேல் உட்கார்ந்து சுற்றவில்லை, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது. இன்ஜினில் இருந்து ஒரு சின்னப் பைப் வழியாக அந்த ஆயில் வரும். ஏற்றத்தில் நல்லா இழுத்துவிட்டு வந்து உடனே சாவியைத் திருப்பினால் ஆயில் நின்றுவிடும், சக்கரத்தின் சூடு நிற்காது. நின்ற ஆயில் கருகிக் கரியாக ஒட்டும். நாளாவட்டத்தில் பைப்பை அடைக்கும். அதனால் ஓரிரு நிமிடம் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு நிறுத்தணும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. எங்க அப்பா லாரி டிரைவர். அவர் ஓட்டியது ஆறு சிலிண்டர் டர்போ டீசல் வண்டி. (டீசலில் காற்றை மட்டும்தான் அமுக்குவார்கள், டீசல் கடைசியில்தான் வரும். அதனால் பெட்ரோல் கார் மாதிரி நாக்கிங் பயம் இல்லை. ஆயில் விஷயம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.) போன வருஷம் மலை ஏறும்போது டர்போ இறுகி நின்றுவிட்டது. டிரைவர் சரியாக ஓட்டவில்லை என்று ஓனர் மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார். அப்பா ஒண்ணும் பேசவில்லை. அந்த மூணு மாசம் அம்மா மளிகைக் கடையில் கடன் சொல்லி சொல்லி வாங்கினாங்க. பட்டறை மாமா கழற்றிக் காட்டியபோது ஆயில் பைப்பில் பென்சில் முனை அளவுக்குத்தான் ஓட்டை மீதி இருந்தது. உள்ளே கெட்டிக் கரி. ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் தாண்டி இரண்டு மடங்கு ஆகியிருந்தது, மாற்றித் தரச் சொல்லி அப்பா கேட்டும் ஓனர் தள்ளிப் போட்டிருந்தார். லோடு இறக்குற இடத்தில் வந்ததும் வண்டியை அணைக்கச் சொல்லிச் சத்தம் போடுவார்கள் என்றும் அப்பா சொன்னார். ஓட்டுகிறவர் கையில் இல்லாத காரணமும் இருக்கு என்று சொல்லத் தெரிந்திருந்தால், அன்னிக்கே சொல்லியிருக்கலாம். இப்போது அப்பா வேறு வண்டி ஓட்டுகிறார். ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுத என் பழைய ரஃப் நோட்டைக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஓனரிடம் கையெழுத்து வாங்குகிறார்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர் இன்ஜினில் பொதுவாக 1-5-3-6-2-4 என்ற வரிசையில் சிலிண்டர்கள் எரியும். கிராங்க் 120 டிகிரி சுற்றினால் ஒரு சிலிண்டர். டர்போவுக்குப் புகைக் குழாய் செய்பவர்கள் முன்னால் உள்ள 1, 2, 3 சிலிண்டர்களின் புகையை ஒரு குழாயிலும், பின்னால் உள்ள 4, 5, 6 சிலிண்டர்களின் புகையை இன்னொரு குழாயிலும் விடுவார்கள். ஒரே குழாயில் வரும் இரண்டு புகைகளுக்கு நடுவில் எத்தனை டிகிரி இடைவெளி? 1, 3, 5 என்றும் 2, 4, 6 என்றும் பிரித்தால் அந்த இடைவெளி என்ன ஆகும்? விடையைத் தாளில் எழுதி, பெயர், வகுப்போடு வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுங்கள். அடுத்த இதழில் சரியான விடை எழுதியவர்கள் பெயர் வரும். ஆசிரியர்களும் எழுதலாம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி