திறந்த மூல மென்பொருளும் மாணவர் வழிகாட்டலும்

"சேர், நிரல் எழுதப் படிச்சிட்டம். அதை வச்சு என்ன செய்யிறது?" உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் தமிழ்ப் பாட ஆசிரியரான என்னிடமும் இப்படிக் கேட்பதுண்டு. இங்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழக அனுமதி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிற ஒரு வழியைச் சொல்லலாம்.

திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம். திருத்தியதை ஏற்கும்படி அதன் பொறுப்பாளர்களிடம் அனுப்பலாம். 'சஹானா' இதற்கு எங்கட நாட்டு உதாரணம். 2004 டிசம்பர் 26 சுனாமி அழிவின்போது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் எழுதிய மென்பொருள் அது. பின்னர் பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது.

2005இல் கூகுள் நிறுவனம் 'சமர் ஒஃப் கோட்' திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் ஒரு வேலைத்திட்டத்தை எழுதி மென்பொருள் அமைப்பொன்றுக்கு விண்ணப்பிப்பார். தெரிவானால் அனுபவமுள்ள ஒருவர் வழிகாட்டியாக அமைவார்; வேலை தேறினால் உதவித்தொகை உண்டு. முதல் பத்தாண்டுகளில் பங்குபற்றிய மாணவர் தொகையில் உலகில் முதலிடம் பெற்றது எங்கட மொரட்டுவைப் பல்கலைக்கழகம். ஒரு வருடம் மாணவராக இருந்தவர் பிறகு வழிகாட்டியாக வருவதும் இத்திட்டத்தில் வழமை.

வழிகாட்டி என்ன செய்கிறார்? முதலில் ஓரிரு நாளில் முடிக்கக்கூடிய சிறிய வேலையொன்றைக் கொடுக்கிறார். மாணவர் அனுப்புவதை வரிவரியாக வாசித்து, எது பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை என்று எழுதுகிறார். தானே திருத்திவிடுவது சுகம். ஆனால் திருத்தும் வேலையை மாணவரிடமே விடுகிறார். எல்லாவற்றிலும் முக்கியம், காலந்தாழ்த்தாமல் பதில் சொல்வது. முதல் முயற்சிக்கு ஒரு கிழமையாகப் பதில் வராவிட்டால் புதியவர் பேசாமல் விலகிவிடுவார்.

இதற்கு நிரல் தெரிந்திருக்கத்தான் வேண்டுமா? இல்லை. பயர்பொக்ஸ், லிப்ரே ஓபிஸ் போன்றவற்றின் தமிழ் இடைமுகத்தைத் தொண்டர்களே மொழிபெயர்க்கிறார்கள். ஒரு செயலை இடையில் கைவிடும் பொத்தானுக்கும், கோப்பை அழிக்கும் பொத்தானுக்கும் 'நீக்கு' என்றே ஒரு மாணவி எழுதினால் என்ன ஆகும்? வேண்டாமென்று விலக நினைத்தவர் கோப்பையே இழந்துவிடுவார். "பிழை" என்று வெட்டாமல், "இதை அழுத்தினால் என்ன நடக்கும் பிள்ளை?" என்று கேட்டால் போதும். ஒன்றுக்கு 'இரத்துச்செய்', மற்றதற்கு 'அழி' என்று அவளே பிரித்து எழுதுவாள். இந்த இடத்தில் தமிழாசிரியரும் வழிகாட்டிதான்.

'சமர் ஒஃப் கோட்' திட்டத்தில் சேரப் பதினெட்டு வயதாக வேண்டும். மொழிபெயர்ப்பையும் பிழை அறிவித்தலையும் அதற்கு முன்னரே பழகலாம். ஏற்கப்பட்ட ஒவ்வொரு திருத்தமும் செய்தவரின் பெயரோடு பொதுவில் பதிவாகிறது. வன்னிப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் அந்தப் பதிவேட்டில் ஒரே இடம்தான். அனுமதி கிடைக்காத ஒரு பிள்ளை நாளை வேலை கேட்டுப் போகும்போது, "இது நான் செய்தது" என்று காட்ட அது உதவும். பாடசாலைக்கு ஓர் ஆசிரியர், கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் இதைத் தொடங்கலாம்.