வேன் ஓரத்துத் தார்ப்பாய்

ஆடி மாதத்தில் மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோவிலுக்குச் சென்றவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்த குடும்பம் மரத்தடியில் வேனை நிறுத்துகிறது. வேனின் மேற்கம்பியில் தார்ப்பாயின் ஓர் ஓரத்தைக் கட்டி, மறு ஓரத்தை இரண்டு சவுக்குக் கம்புகளில் தூக்கி நிறுத்தி, கயிற்றை முளைக்குச்சியில் இழுத்துக் கட்டினால் கூரை தயார். அதன் கீழே அடுப்பு மூட்டி அண்டாவில் சோறு பொங்குகிறது. மேலைநாடுகளில் வேனையே வீடாக்கிச் சுற்றுலா செல்வோர் சுருட்டி விரிக்கும் துணிக்கூரையை வண்டியின் பக்கத்தில் பொருத்திக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே பொருள்தான். அதில் விலை அதிகம். இதில் கயிறு அதிகம்.

வெயிலுக்கு இந்தக் கூரை போதும். மழையும் காற்றும் வந்தால்? கொதிக்கும் அண்டாவின் அருகே கம்பு சாய்வது விளையாட்டல்ல. ஆகவே, இதில் செயல்படும் விசைகளைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலில் மழை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். எடை 1 கிலோகிராம். நமது தார்ப்பாய் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று கொள்வோம். பரப்பு 12 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழும் நீர் 300 கிலோகிராம்! வழிந்து ஓடிவிட்டால் கவலையில்லை. ஆனால் தட்டையாகக் கட்டிய துணியில் எங்கேனும் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அங்கே நீர் தேங்கும். எடையால் பள்ளம் ஆழமாகும். ஆழமானதால் மேலும் நீர் வந்து சேரும். இப்படி ஒன்றையொன்று வளர்த்து, சில நிமிடங்களில் தார்ப்பாய் தொப்பை போட்டுவிடும்.

"இன்னும் இழுத்துக் கட்டினால் போயிற்று" என்று தோன்றும். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கயிற்றின் நடுவில் செங்கல்லைத் தொங்கவிட்டு, இரு நண்பர்கள் இரு முனைகளையும் பிடித்துக் கயிறு நேர்கோடாகும் வரை இழுக்கட்டும். எவ்வளவு பலசாலிகளானாலும் அது நடவாது. கயிறு நேராக நெருங்க நெருங்க, அதே எடையைத் தாங்க வேண்டிய இழுவிசை பெருகிக்கொண்டே போகும். பத்துக்கு ஒன்று என்ற சிறிய சாய்வில் 10 கிலோகிராமைத் தாங்கும் கயிற்றின் ஒவ்வொரு பாதியிலும் சுமார் 50 கிலோகிராம் இழுப்பு இருக்கும். தார்ப்பாயின் மூலை வளையங்கள் பிய்ந்து வருவது இதனால்தான்.

ஆகவே சாய்வுதான் வழி. வெளி ஓரத்தை வேன் பக்கத்தைவிடத் தாழ்த்தி, ஒரு மீட்டருக்கு 25 சென்டிமீட்டராவது இறக்கம் வைக்க வேண்டும். ஒரு கம்பை மற்றதைவிடக் குட்டையாக்கினால் நீர் முழுவதும் அந்த மூலை வழியே ஓடும். அடுப்பு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். தேங்கிய நீரைக் கீழிருந்து கம்பு முனையால் குத்தித் தள்ளுவோர் உண்டு. அந்த நீர் ஒரே பக்கம் பாய்ந்து அங்குள்ள கம்பைச் சாய்த்துவிடக்கூடும். முதலில் வெளி மூலையை மெதுவாகத் தாழ்த்தி வடியவிடுவதே நல்லது.

பருத்திக் கான்வாஸ் தார்ப்பாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரியும். மழையில் ஒழுகாத துணி, உள்ளிருந்து விரலால் தொட்டதும் அந்த இடத்தில் சொட்டத் தொடங்கும். இழைகளின் இடைவெளிகளில் நீரைப் பரப்பு இழுவிசை தாங்கி நிற்கிறது; விரல் பட்டதும் நீர் விரலோடு ஒட்டிக் கீழிறங்க வழி கிடைக்கிறது. கயிறுகளின் குணமும் கவனிக்கத்தக்கது. பருத்தி, சணல் கயிறுகள் நனைந்தால் இழைகள் பருத்து நீளம் குறையும். எனவே மழையில் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். நைலான் கயிறோ நனைந்தால் கொஞ்சம் நீளும். அதை மீண்டும் இழுத்துக் கட்ட வேண்டும்.

மழை கீழே அழுத்துகிறது. காற்று மேலே தூக்குகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சற்று மிகையாக இருக்கலாம். தார்ப்பாயைப் பொறுத்தவரை அது உண்மையே. காற்றின் வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கண்டு, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். அழுத்தம் 60 நியூட்டன். 12 சதுர மீட்டருக்குச் சுமார் 73 கிலோகிராம் எடைக்குச் சமம். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகி, 290 கிலோகிராமைத் தாண்டிவிடும்! இந்தியக் கட்டட விதிகள் மதுரைக்குக் குறித்துள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அப்படியொரு வீச்சு வந்தால் விசை ஒரு டன்னுக்கும் மேல். தார்ப்பாயின் சாய்வையும் காற்றின் திசையையும் பொறுத்து இக்கணக்கு கூடும், குறையும். எப்படியானாலும் முளைக்குச்சி தாங்கும் காரியமல்ல.

திறந்த பக்கத்திலிருந்து காற்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். வேன் சுவர்போல் தடுப்பதால், உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. கீழே அழுத்தம் கூடும். மேலே விரைந்தோடும் காற்றின் அழுத்தமோ குறைவு. இரண்டும் சேர்ந்து துணியைத் தூக்கும். ஆகவே வேனின் முதுகு காற்றைப் பார்த்திருக்க வேண்டும். ஆடியில் மதுரைச் சமவெளியில் மேற்கிலிருந்து காற்று வீசும்போது, கூரையை வேனின் கிழக்குப் பக்கம் கட்டுவதே முறை. நம் பழைய தென்னங்கீற்றுப் பந்தலில் காற்று இடுக்குகள் வழியே ஓரளவு வெளியேறிவிடும். பிளாஸ்டிக் தார்ப்பாயில் அதற்கும் வழியில்லை.

முளைக்குச்சியின் தலை கூரையை விட்டு வெளிப்புறம் சாய்ந்திருக்க, கயிறு சுமார் 45 பாகைக் கோணத்தில் வரட்டும். செங்குத்தாக வரும் கயிறு முளையை அப்படியே பிடுங்கிவிடும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் குழையும். அங்கே முளையைவிட மணல் மூட்டையோ மரத்தடியோ நம்பகமானது.

எல்லாவற்றையும் சரியாகக் கட்டியபின்னும் ஓர் ஆபத்து உண்டு. மாலையில் இடிமேகம் திரள்கிறது. மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகளில் ஒரு பகுதி கீழேயுள்ள வறண்ட காற்றில் ஆவியாகிறது. அதனால் குளிர்ந்து கனத்த காற்று வேகமாகக் கீழிறங்கி, தரையில் மோதி நாற்புறமும் பாய்கிறது. மழை வருமுன்பே, மேகம் இருக்கும் திசையிலிருந்து புழுதியோடு இது வந்து சேரும். காலையில் பார்த்து நிறுத்திய திசை இப்போது உதவாது. புழுக்கம் திடீரென்று மாறிக் குளிர்காற்று முகத்தில் பட்டால், கூரையைக் காப்பாற்ற முயல வேண்டாம். அடுப்பை அணைத்து, அண்டாவை விலக்கி, கயிறுகளை அவிழ்த்து, சுருட்டிவிடுங்கள். சிலநேரம் அதற்குச் சில நிமிடங்களே கிடைக்கும். பறக்கும் துணியைக் கையில் பிடித்துத் தொங்கக் கூடாது.

இடி கேட்டால் மரத்தடியும் கம்புக் கூரையும் இடமல்ல. மரங்களை விட்டு விலக்கி நிறுத்திய வேனின் உள்ளே, கண்ணாடிகளை மூடிக்கொண்டு அமரலாம். மின்னல் தாக்கினாலும் மின்சாரம் உலோகக் கூட்டின் வெளிப்புறமாகவே தரைக்குச் செல்லும். சோறு அரைவேக்காடாக இருக்கிறதே என்று அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுவந்துவிடாதீர்கள். மூடிய வண்டிக்குள் எரியும் விறகும் கரியும் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும்.

மழை விட்டதும் ஈரத் தார்ப்பாயை எப்படியோ மடித்துத்தான் ஊர் திரும்ப வேண்டியிருக்கும். மறுநாளே அதை மொட்டை மாடியில் விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு கிடக்கும் பருத்தித் துணியில் சில நாட்களில் பூஞ்சணம் பிடித்து, அடுத்த ஆடிக்குள் மடிப்பு மடிப்பாக இற்றுப்போகும்.