அழியப்போகும் நகரத்துக்குள் ஒரு விருந்தாளி

காலப்பயணப் புனைவுகளுக்கு பாம்ப்பேய் நகரத்தின்மீது ஏன் இத்தனை மோகம்? கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்து அது புதைந்துபோனது எல்லோருக்கும் தெரியும். கதைசொல்லிக்கு இது ரொம்ப வசதி. அங்கே ஒருவன் ரொட்டி சுட்டாலும், தேர்தலுக்கு ஆதரவு கேட்டுச் சுவரில் எழுதினாலும், வாசகன் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிடுகிறான். தெரிந்தவன் / தெரியாதவர்கள் என்கிற எதிர்வு பிரதி தொடங்கும் முன்பே போடப்பட்டுவிடுகிறது.

தியோஃபில் கோத்தியேயின் 'அரியா மார்செல்லா' (1852) இதில் மூத்த கதைகளில் ஒன்று. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில், இறுகிய சாம்பலில் பதிந்த பெண்ணுடலின் அச்சைப் பார்த்துக் கிறங்கும் பிரெஞ்சு இளைஞன், அன்றிரவே பழைய பாம்ப்பேயில் நடமாடுகிறான். எல்லாம் அவளுக்காகத்தான். நகரத்து ஜனங்கள் பின்திரை. காலனியப் பயணக் குறிப்புகளைப் படித்தவர்களுக்கு இந்தப் பார்வை ஒன்றும் புதிதல்ல.

2008இல் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடர் அதே நகரத்துக்குப் போனது. இங்கே காதல் இல்லை, நீதிப் பிரச்சினை. வரலாற்றின் சில புள்ளிகளில் கைவைக்கக் கூடாது என்கிறார் டாக்டர். கூட வந்த டோனா சண்டை போடுகிறாள். கடைசியில் ஒரே ஒரு குடும்பம் காப்பாற்றப்படுகிறது. எந்தக் குடும்பம் என்பதுதான் கேள்வி. கசீலியஸ் குடும்பம். லூசியஸ் கசீலியஸ் யூகுண்டஸ் நிஜ மனிதர். ஏலம் நடத்திப் பணம் புரட்டியவர். 1875இல் அவர் வீட்டில் 150க்கு மேற்பட்ட மெழுகுப்பலகை ரசீதுகள் கிடைத்தன. அங்கிருந்து பிரிட்டிஷ் பள்ளிகளின் லத்தீன் பாடநூலுக்கு, அதிலிருந்து தொலைக்காட்சிக்கு. கணக்கு எழுதி வைத்தவனுக்குப் பெயர் மிஞ்சுகிறது. பெயர் மிஞ்சியவனுக்குக் கதையில் உயிரும் மிஞ்சுகிறது.

2021இல் பாம்ப்பேய்க்கு வெளியே, சிவிதா ஜூலியானா பண்ணைவீட்டில் அடிமைகள் தங்கியதாகக் கருதப்படும் அறையைத் தோண்டியெடுத்தார்கள். மூன்று கட்டில்கள், அதில் ஒன்று சிறுவர் படுக்கும் அளவு. மூலையில் ஜாடிகள். பெயர் கிடையாது. காலப்பயணி கதவைத் தட்டுவது எப்போதும் ஓவியம் தீட்டிய சுவருள்ள வீட்டில்தான், இங்கே அல்ல.

போகட்டும், 'அழியப்போகும் நகரம்' என்பதே எவ்வளவு சரி? நுரைக்கல் மழை தொடங்கியது நண்பகல் வாக்கில். நகரத்தில் மிச்சமிருந்தவர்களைக் கொன்ற நெருப்புச் சாம்பல் வெள்ளம் வந்தது மறுநாள் காலையில். நடுவில் ஒரு முழு இரவு. பத்தாயிரத்துக்கு மேல் ஜனங்கள் இருந்திருக்கலாம் என்கிறார்கள். கிடைத்த உடல்கள் ஆயிரத்துச் சொச்சம். பெரும்பாலோர் யாருடைய எச்சரிக்கையும் இல்லாமல் ஓடித் தப்பியிருக்கிறார்கள் என்பதே பல ஆய்வாளர்களின் முடிவு. தப்பியவர்களின் குடும்பப் பெயர்களை அக்கம்பக்கத்து ஊர்க் கல்வெட்டுகளில் தேடிப்பிடிக்கும் ஆய்வுகளும் வந்திருக்கின்றன. வெடிப்புக்குப் பல பத்தாண்டுகள் முன்பே, உச்சிப் பாறைகளைப் பார்த்து, அது ஒரு காலத்தில் எரிந்த மலை என்று ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். ஆக, தெரியாதவர்கள் என்பதும் நம்முடைய கதையாடல்தான். ஓட முடிந்தவர் யார், எஜமானின் வாசலைக் காத்து நின்றவர் யார்? வர்க்கம் பற்றிய இந்தக் கேள்வியை எரிமலை என்ற ஒற்றைச் சொல் மூடிவிடுகிறது.

உடல்கள் விட்டுப்போன குழிகளில் ஜிப்சம் சாந்து ஊற்றி வார்ப்பெடுப்பதை ஃபியோரெல்லி 1863இல் தொடங்கினார். பின்னால் எடுத்த வார்ப்புகளில் ஒன்று, தங்க வளையல் அணிந்து மடியில் குழந்தையோடு இருக்கும் உருவம். தாயும் பிள்ளையும் என்றே வழிகாட்டிகள் சொல்லிவந்தார்கள். 2024இல் வெளியான மரபணு ஆய்வு, அது ஆண் என்றது. குழந்தைக்கும் அவனுக்கும் ரத்த உறவு இல்லை என்றது.