மங்கும் கடற்கரை பங்களா படங்கள்: பெயரில்லாமல் மறையும் வரலாறு

புது தில்லி: ஊன்றுகோலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தபடி சிறுவன் ஒருவன் முன்னே செல்ல, மறுமுனையைப் பற்றிக்கொண்டு கடற்கரை மணலில் மகாத்மா காந்தி விரைந்து நடந்து வரும் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் அரிது. மும்பையின் ஜூஹு கடற்கரையில் 1937 டிசம்பரில் எடுக்கப்பட்ட படம் அது. அந்தச் சிறுவன், காந்தியின் மகன் ராமதாஸின் புதல்வர் கனு.

ஆளும் இடமும் ஆண்டும் தெரிந்த படம் என்பதால், நூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் அது எண்ணற்ற பிரதிகளாக வாழ்கிறது. ஆனால், அந்தக் காலத்தில் நாட்டின் கடற்கரை பங்களாக்களில் எடுக்கப்பட்ட குடும்பப் புகைப்படங்களுக்கு இந்த நல்வாய்ப்பு இல்லை. பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் கிடக்கும் அவை மஞ்சள் படிந்து, பூஞ்சை பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அழிந்து வருகின்றன. பங்களா இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும்போது, பழைய ஆல்பம் காகிதக் கடைக்குப் போய்ச் சேருகிறது.

அரசியல் பேசிய வராந்தாக்கள்: வசதி படைத்தோரின் விடுமுறைப் படங்கள் அழிந்தால் நாட்டுக்கு என்ன இழப்பு என்ற கேள்வி எழலாம். அந்த பங்களாக்கள் வெறும் ஓய்வில்லங்களாக மட்டும் இருக்கவில்லை என்பதே அதற்கான விடை.

எரவாடா சிறையில் இருந்த காந்திக்கு 1924 ஜனவரியில் புணேயில் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. பிப்ரவரியில் விடுதலையான அவர், ஜூஹுவில் நரோத்தம் மொரார்ஜியின் கடற்கரை இல்லத்தில் மார்ச் முதல் மே வரை தங்கி உடல் தேறினார். பிரிட்டிஷ் கப்பல் நிறுவனங்களுக்குப் போட்டியாக சிந்தியா கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் மொரார்ஜி. சட்டமன்றங்களுக்குள் காங்கிரஸார் நுழையலாமா, கூடாதா என்று காந்தியுடன் வாதிட மோதிலால் நேருவும் சித்தரஞ்சன் தாஸும் அந்தக் கோடையில் ஜூஹுவுக்குத்தான் வந்தனர். உடன்பாடு ஏற்படவில்லை. இரு தரப்பினரும் மே மாதம் தனித்தனி அறிக்கைகளை வெளியிட்டனர்.

கஸ்தூர்பாவை ஆகாகான் மாளிகைச் சிறையில் பறிகொடுத்து, 1944 மே மாதம் விடுதலையான காந்தி ஓய்வுக்காகச் சென்று தங்கியதும் ஜூஹுவில், மொரார்ஜி குடும்பத்தாரின் இல்லத்தில்தான். விடுதலைப் போராட்டத்தின் சில முக்கியத் தருணங்கள் கடற்காற்று வீசும் வராந்தாக்களில் நிகழ்ந்துள்ளன என்பதற்கு இவை சான்று.

ரயில் கொண்டு வந்த கோடை: கிழக்குக் கடற்கரையில் இந்த வாழ்க்கையின் தலைநகரமாக விளங்கியது புரி. 1897-ல் அங்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. அதுவரை ஜகந்நாதரைத் தரிசிக்க யாத்ரிகர்கள் நடந்தும் மாட்டு வண்டியிலும் வந்த ஊர், கோல்கத்தாவிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் எட்டக்கூடியதாயிற்று. வங்காள வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் ஜமீன்தார்களும் கடலை நோக்கி வீடுகள் கட்டினர். பெங்கால் நாகபுரி ரயில்வே அங்கு ஹோட்டல் நடத்தியது. ஒடிசா ஆளுநருக்கு இன்றும் புரியில் கடற்கரை மாளிகை உள்ளது.

கேமராவும் அதே காலத்தில்தான் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தது. அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1900-ல் ஒரு டாலர் விலையில் பிரௌனி கேமராவை அறிமுகப்படுத்திய பின்னர், படமெடுப்பது படிப்படியாகக் குடும்பங்களின் கைக்கு வந்தது. ஸ்டுடியோவில் திரைச்சீலைக்கு முன் விறைத்து நின்றவர்கள், கடற்கரையில் பிரம்பு நாற்காலிகளில் சாய்ந்தனர். நனைந்த புடவையைத் தூக்கிப் பிடித்து அலையில் கால் வைத்தனர். வீட்டின் உட்கட்டிலேயே நாளைக் கழித்த பெண்கள் பொதுவெளியில் கால் பதித்த வரலாற்றுக்கு இந்தப் படங்களைப் போன்ற சான்று வேறில்லை.

ஓரத்தில் நிற்பவர் யார்? இந்தப் படங்களின் நடுவில் இருப்பவரின் பெயர் பெரும்பாலும் குடும்பத்தாருக்குத் தெரியும். ஓரத்தில் நிற்பவரின் பெயர்தான் யாருக்கும் தெரியாது. குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் ஆயா, தண்ணீர்க் குடத்துடன் நிற்கும் பணியாள், சமையற்காரர், பங்களாக் காவலர் எனப் பலர் அங்கே உள்ளனர்.

புரியில் இவர்களுடன் நுலியாக்களும் உண்டு. ஆந்திரத்திலிருந்து வந்து குடியேறிய, தெலுங்கு பேசும் மீனவ மக்கள் இவர்கள். கூம்பு வடிவத் தொப்பி அணிந்து, கடலாடுவோரின் கையைப் பிடித்து அலைக்குள் அழைத்துச் சென்று பத்திரமாகக் கரை சேர்ப்பது இவர்களின் தொழில். பல குடும்பங்களின் குழந்தைகளை அலையிலிருந்து காத்தவர்கள் இவர்கள். எனினும் அவர்களின் தாத்தா, பாட்டன் ஆகியோரின் உருவம் எங்கேனும் பதிவாகியிருந்தால், அது வேறொருவர் வீட்டு ஆல்பத்தில்தான் இருக்கும். அந்த ஆல்பம் அழிந்தால், ஒரு சமூகத்தின் உழைப்புக்கான காட்சிச் சான்றும் அதனுடன் அழிகிறது.

பெயர் எழுதாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு ஜூஹு படமே ஓர் எடுத்துக்காட்டு. 1938 முதல் காந்தியைப் படமெடுத்த புகைப்படக் கலைஞரும் காந்தி குடும்பத்தைச் சேர்ந்தவரே. அவர் பெயரும் கனு காந்திதான். உலகப் புகழ்பெற்ற படத்திலேயே இருவரையும் ஒருவராகக் கருதிக் குழம்ப இடமுண்டு என்றால், பெயரே எழுதப்படாத படங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் மங்குகின்றன? பழைய கறுப்பு - வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்பவை ஜெலட்டின் படலத்தில் பதிந்த நுண்ணிய வெள்ளித் துகள்கள். படம் கழுவியபோது வேதிப்பொருள் முழுமையாக அலசப்படாவிட்டால், எஞ்சிய கந்தகச் சேர்மம் வெள்ளியைத் தாக்குகிறது. கறுப்பு பழுப்பாகி, பின்னர் மஞ்சளாக வெளிறுகிறது. அமிலத்தன்மை கொண்ட அட்டையும் மலிவான பசையும் இதை விரைவுபடுத்துகின்றன.

ஈரப்பதம் இவற்றைவிடப் பெரிய எதிரி. புகைப்படங்களைக் காக்க 30 முதல் 50 சதவீத ஈரப்பதமே ஏற்றது. கடற்கரை ஊர்களில் அது 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஈரத்தில் ஜெலட்டின் இளகிப் பூஞ்சைக்கு உணவாகிறது. வெள்ளி மேற்பரப்புக்கு நகர்ந்து, படத்தின் கருமையான பகுதிகளில் கண்ணாடிபோல் மினுக்குகிறது. எந்தக் கடற்காற்றுக்காக பங்களா கட்டப்பட்டதோ, அதே காற்றுதான் அந்த வாழ்க்கையின் நினைவையும் அரிக்கிறது.

2019 மே 3-ம் தேதி ஃபானி புயல் புரி அருகே கரையைக் கடந்தது. இத்தகைய பேரிடரில் நனைந்த படங்களை அடுக்காக உலரவிட்டால், அவை பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே மெதுவாகப் பிரித்து, சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, படப் பகுதி மேலே இருக்கும்படி தனித்தனியாகப் பரப்பி உலர்த்த வேண்டும். உடனடியாக முடியாவிட்டால், பாலிதீன் பையிலிட்டு உறைநிலைப் பெட்டியில் வைத்தால் அவகாசம் கிடைக்கும்.

சட்டம் எட்டாத ஆல்பம்: 1993-ம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் அரசு ஆவணங்களுக்கானது. தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டது. நூறாண்டு கடந்த பொருள்களையும் 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள சுவடிகளையும் ஆவணங்களையும் அது தொல்பொருளாக வரையறுக்கிறது. ஆனால் பழைய ஆல்பத்தைக் குப்பையில் வீசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சுவடிகளுக்காக 2003-ல் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. திரைப்படங்களைக் காக்க ரூ. 597 கோடியில் ஒரு தேசியத் திட்டம் வகுக்கப்பட்டது. வீட்டுப் புகைப்படங்களுக்கென அதுபோன்ற தேசிய இயக்கம் எதுவும் இல்லை.

தனியார் முயற்சிகள் உண்டு. நாடக இயக்குநர் இப்ராஹிம் அல்காஜி திரட்டிய பல்லாயிரம் பழைய புகைப்படங்கள் தில்லியில் அவர் பெயரிலான அறக்கட்டளையால் பேணப்படுகின்றன. கோல்கத்தாவின் சமூக அறிவியல் ஆய்வு மையம், 1990-களில் தொடங்கி, வங்காளக் குடும்பங்களிடமிருந்த இதழ்களையும் படங்களையும் படியெடுத்துக் காத்து வருகிறது. கலை, பண்பாட்டு மரபுக்கான இந்தியத் தேசிய அறக்கட்டளையான இன்டாக், புரிக்கு அருகிலுள்ள புவனேசுவரத்திலும் பாதுகாப்புக் கூடம் நடத்துகிறது.

ஒரே இடத்தில் குவித்து வைப்பதும் ஆபத்தே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட கோல்கத்தாவின் பார்ன் அண்டு ஷெப்பர்ட் ஸ்டுடியோவில் 1991-ல் ஏற்பட்ட தீயில் அரிய படத் தொகுப்பு சாம்பலானது. ஸ்டுடியோவும் 2016-ல் மூடப்பட்டது. எனவே, மூலப் படத்தை உரியவரிடமே விட்டுவிட்டு, தரமான பிரதிகளைப் பல இடங்களில் வைப்பதே நடைமுறைக்கு உகந்தது. கடற்கரை மாவட்டங்களில் அரசு ஆவணக் காப்பகங்கள் ஸ்கேன் முகாம்களை நடத்துவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

வீட்டிலேயே செய்யலாம்: இதற்கெனப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பங்களையும் பி.வி.சி. உறைகளையும் தவிர்க்க வேண்டும், லேமினேஷன் கூடாது. அமிலமற்ற காகித உறையோ, பாலியஸ்டர் உறையோ போதும். பரணும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் ஏற்றவையல்ல. படத்தின் இரு பக்கங்களையும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும். பின்புறக் குறிப்பும் வரலாறுதான்.

சீரமைப்பைப் பிரதியில் மட்டுமே செய்ய வேண்டும். மங்கிய முகத்தை நொடியில் தெளிவாக்கும் செயலிகள் இன்று ஏராளம். ஆனால் அவை காட்டும் கண்ணும் புன்னகையும் பல நேரங்களில் கணினியின் ஊகமே. மங்கலான உண்மை முகத்தை இழந்து, தெளிவான பொய் முகத்தைப் பெறுவது பாதுகாப்பு ஆகாது.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டின் மூத்தவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார் என்று கேட்டு, மெல்லிய பென்சிலால் பின்புறம் எழுத வேண்டும். வெள்ளித் துகள் மங்குவதற்கு முன்பே நினைவு மங்கிவிடும். வெளிறிய படத்தைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். சொல்லத் தெரிந்தவர் மறைந்த பின் ஒரு பெயரை மீட்க வழியில்லை. அவ்வாறு எழுதும்போது, நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் பெயரோடு, அவர் பிள்ளையின் கையைப் பிடித்து அலையில் நிற்கும் நுலியாவின் பெயரையும் மறவாமல் கேட்டு எழுத வேண்டும்.