யந்திரம் இறங்கட்டும்!

‘யந்திர மனிதன்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவிலே நிற்பது திரைப்படக் காட்சிதான். கண்ணிலே விளக்கெரியும், காலடி அதிரும், கட்டளைக்குக் கைகட்டி நிற்கும்! வேடிக்கை பார்க்க நன்று. ஆனால், பல்கலைக்கழகங்களிலே ‘ரோபோ’ பற்றிய கல்வி வளர்ந்தது வேடிக்கைக்காக அல்ல. மனிதன் போகக்கூடாத இடத்துக்கு மனிதனை அனுப்பாதிருக்க வழி உண்டா என்ற கேள்விக்கும் அக்கல்வி விடை தேடிற்று. விடை கண்டும் இருக்கிறது.

அமெரிக்காவிலே பிட்ஸ்பர்க், எஃகுக்குப் பேர் போன ஊர். அங்குள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்திலே 1979ல் ‘ரோபோட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட்’ தோன்றிற்று. அதே ஆண்டு மார்ச்சில், அதே பென்சில்வேனியா மாநிலத்தில், திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்திலே விபத்து! உலையின் ஒரு பகுதி உருகிற்று. கதிரியக்கம் கலந்த நீர் அடித்தளத்திலே தேங்கிற்று. உள்ளே சென்று பார்ப்பவர் யார்? சென்றவர் கதி என்ன? பேராசிரியர் வில்லியம் விட்டேக்கரும் அவருடன் உழைத்தோரும் சக்கர ஊர்தி ஒன்றைச் செய்தனர். 1984ல் அந்த அடித்தளத்திலே இறக்கினர். யந்திரம் இறங்கிற்று, மனிதன் மேலே நின்றான்!

அந்த ஆராய்ச்சிக் கழகத்தை முதன்முதல் நடத்தியவர் யார்? ராஜ் ரெட்டி. ஆந்திரத்துச் சிற்றூரிலே உழவர் குடும்பத்திலே பிறந்தவர். சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியிலே பயின்று, 1958ல் பட்டம் பெற்றவர். 1994ல் கணினித் துறையின் தலைசிறந்த விருதான டூரிங் விருது அவரைத் தேடி வந்தது. கிண்டியிலே கற்றவர் பிட்ஸ்பர்க்கிலே வித்திட்டார். பெருமைதான். ஆனால் நம் ஊரிலே?

நம் ஊரிலே ஆளை விழுங்கும் குழிக்கு அணு உலை தேவையில்லை. ‘செப்டிக் டேங்க்’ எனும் மலக்குழி போதும். மேலே தெளிந்த கழிவை லாரிக் குழாய் உறிஞ்சும். அடியிலே இறுகிய சேறு வராது. அதைக் கிளற ஆள் இறங்குவான், விஷ வாயு தாக்கும், பிணமாக வருவான். இறங்குபவர் எந்தத் தெருவிலிருந்து அழைத்து வரப்படுகிறார் என்பதை நாடறியும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது குற்றம் என்று 2013ல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2023ல் 30 லட்சமாக உயர்த்திற்று. சாவுக்கு விலை உயர்ந்தது, சாவு நின்றதா?

கிண்டியை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.யிலே இதற்கு விடை தேடினர். பேராசிரியர் பிரபு ராஜகோபால் தலைமையிலே உருவான அந்த யந்திரத்தின் பெயர் ‘ஹோமோசெப்’. மடித்த குடைபோல அதன் அலகுகள் குறுகிய வாய் வழியே நுழையும். உள்ளே சென்று விரிந்து, சுழன்று, இறுகிய சேற்றைக் கரைக்கும். கரைந்ததைக் குழாய் உறிஞ்சும். குழிக்குள் மனிதனுக்கு வேலையில்லை!

“யந்திரம் வந்தால் ஏழையின் பிழைப்பு போகுமே!” என்பார் உண்டு. நியாயமான அச்சம். யந்திரம் யார் கையில் என்பதிலேதான் விடை இருக்கிறது. 2022ல் முதல் இரண்டு யந்திரங்கள் சுயஉதவிக் குழுக்களிடம் தரப்பட்டன. அக்குழுக்களின் தலைவியர், துப்புரவுப் பணியிலே கணவரைப் பறிகொடுத்தவர்கள். வேலையும் நின்றது, உயிரும் நின்றது. அதுவே வழி என்கிறோம்.

ஒவ்வொரு பொறியியற் கல்லூரியும் தன் ஊர்க் குழியைத் தன் பாடமாக்கட்டும். ஒவ்வொரு நகராட்சியும் யந்திரத்தை வாங்கி, இதுவரை இறங்கியவர்களிடமே ஒப்படைக்கட்டும். சட்டம் சொல்லிவிட்டது, பொறியியல் செய்து காட்டிவிட்டது. இனி வேண்டியவை இரண்டே: பணமும், மனமும்!